நிழலோரம் போன எல்லை

அந்தக் காலத்தில், வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் எல்லாம் ஒரே சீமையாகக் கிடந்தது. முள்ளிச்சீமை என்று பெயர். ஆண்டது யானை ராசா. அவர் மலையடிவாரத்தில் மூங்கில் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். கடற்கரை நண்டுக்கு ஒரு குறை என்றால், அது நடந்து மலையடிவாரம் வந்து சேர்வதற்குள் குறையும் மறந்துபோகும், நண்டும் காய்ந்துபோகும். இதெல்லாம் ஒரு ஆட்சியா? நீங்களே சொல்லுங்கள்.

ராசாவுக்கே கூச்சமாகப் போய்விட்டது. "சீமையை ரெண்டாப் பிரிச்சிருவோம்" என்றார். மேற்குப் பாதி மேல்நாடு, அதற்குச் செம்போத்து தலைவர். கிழக்குப் பாதி கீழ்நாடு, அதற்கு உடும்பு தலைவர். மழை வந்தால் கரை போடுவது, கோடை வந்தால் தண்ணீர் விடுவது எல்லாம் அந்தந்தத் தலைவர் பொறுப்பு. ஆனால் ஒரு கட்டளை போட்டார். தன் எல்லைக்கு வெளியே ஒரு பிடி மண்ணைக்கூட எந்தத் தலைவரும் தொடக்கூடாது. தொட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் இரண்டு பேரும் மறுபடி ராசாவிடம்தான் வந்து நிற்பார்கள். மூங்கில் தின்ன விடுவார்களா?

எல்லை போடும் வேலை ஆமைக்குக் கிடைத்தது. அடியளந்தார் என்று அவரைக் கூப்பிடுவார்கள். பதறாமல் நடப்பார். அவர் கால் பதிந்த தடம்தான் எல்லை, அதற்கு மேல் பேச்சில்லை. அப்போதெல்லாம் ஆமைக்குத் தலை உள்ளே போகாது. நீட்டின கழுத்தும் நிமிர்ந்த தலையுமாகத்தான் நடப்பார். குரலும் கணீரென்று இருக்கும்.

முதலில் கீழ்நாட்டைச் சுற்றி வந்தார். அதன் மேற்கு ஓரத்தில் ஒரு புளியமர வரிசை. அதையொட்டித் தடம் பதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்து மேல்நாட்டைச் சுற்றினார். அதன் கிழக்கு ஓரத்துக்கு வந்தபோது நல்ல அக்கினி வெயில். அந்த ஓரத்தில் ஒரு வேப்பமர வரிசை இருந்தது, குளுகுளுவென்று நிழல். வேப்பமரத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவே பெரிய பொட்டல், ஒரு புல்கூடக் கிடையாது. பழைய தடத்தோடு புதுத் தடம் சேர வேண்டுமென்றால் பொட்டலைக் கடந்து புளியமரத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆமை ஒரு காலை எடுத்துப் பொட்டலில் வைத்துப் பார்த்தார். அம்மாடி! தோசைக்கல்தான். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

பொட்டல் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே குடியிருந்த ஆட்காட்டிக் குருவி செங்கண்ணி.

"ஐயா அடியளந்தாரே! உங்க பழைய தடம் அந்தப் பக்கம் கிடக்கு. எங்களையும் சேத்துக்கிட்டுப் போங்கய்யா!"

"வர்றேன் தாயி. வெயில் தாழட்டும், திரும்பும்போது வர்றேன்" என்றார் ஆமை.

வெயில் தாழ்ந்தது. காற்றுகூட அடித்தது. ஆனால் அவர் வேப்பமர நிழலிலேயே வெகுதூரம் வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். 'ஒரு குருவி இருக்கிற பொட்டல்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று மனசு சொன்னது. அவர் அதைக் கேட்டுக்கொண்டார். சோம்பேறித்தனத்துக்கு எப்போதுமே நல்ல வக்கீல் கிடைத்துவிடுகிறது.

வேலை முடிந்ததென்று ராசா ஆவாரம்பூ மாலை போட்டார். ஆமை கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பிறகு செங்கண்ணி முட்டையிட்டாள், நாலு முட்டை. ஆட்காட்டி மரத்திலா கூடு கட்டும்? வெறும் தரையில் நாலு கூழாங்கல்லைக் கூட்டி அதுதான் வீடு என்று இருக்கும். இட்ட சில நாளிலேயே மேற்கே மலைமேல் கருகருவென்று கோடைமழை கூடியது. மேல்நாட்டுக் கண்மாய் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு மழை பெய்தால் மறுகால் பாயும், பாய்ந்தால் நேரே பொட்டலுக்குத்தான் வரும். பொட்டலில் ஒரு முழ உயரத்துக்குக் கரை போட்டால் போதும், தண்ணீர் ஒதுங்கிப் போய்விடும்.

அவள் முட்டையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உடும்பிடம் பறந்தாள்.

"என் எல்லை புளியமரத்தோட சரிம்மா. நான் காலை வச்சா செம்போத்து சும்மா இருப்பாரா?" என்றார் உடும்பு.

செம்போத்திடம் பறந்தாள். "என் எல்லை வேப்பமரத்தோட சரி. உன்னைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. அந்தா பாரு, பெருச்சாளிகளெல்லாம் மண்ணு தோண்டத் தயாரா நிக்குது. பொட்டல் எங்க நாடுன்னு அடியளந்தார் ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே இறக்கிவிடுறேன்" என்றார் செம்போத்து.

செங்கண்ணி ராசாவிடமே போய் முறையிட்டாள். ராசா கூட்டம் கூட்டினார். இரண்டு நாடும் வந்து உட்கார்ந்தது. வானம் உறுமிக்கொண்டே இருந்தது. செங்கண்ணி நடுவில் நின்றாள், ஒற்றைக்காலில் மாறி மாறி.

"ஓய் ஆமை, பொட்டல் எந்த நாட்டைச் சேர்ந்தது?" என்று கேட்டார் ராசா.

ஒரே ஒரு வார்த்தை போதும். 'தப்பு பண்ணிட்டேன் ராசா, இப்பவே போய் நடந்துட்டு வர்றேன்.' இவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆமை தலையைத் தூக்கிப் பார்த்தார். அத்தனை முகம்! அத்தனை பேரும் அவரையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அந்த மாலையும் கழற்றாமல் கிடந்தது. இந்த முகங்களுக்கு முன்னால், வெயிலுக்குப் பயந்து நிழலோரமாகப் போய்விட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"என் அடி தப்பாது ராசா" என்றார் கணீரென்று. "அந்தப் பொட்டல்ல யாரும் குடியிருக்கலை. அதான் விட்டுட்டேன்."

செங்கண்ணிக்கு முதலில் விளங்கவே இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"யாரும் குடியிருக்கலையா? அப்ப நான் யாருய்யா? திரும்பும்போது வர்றேன் தாயின்னு என்கிட்டத்தானே சொன்னீங்க?"

ஆமை அவளைப் பார்க்கவில்லை. மாலையில் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். "அடியளந்தாரையே எதிர்த்துப் பேசுறியா? நீ நேத்து வந்து குந்தியிருப்பே!" என்று அவளை அடக்கினார்கள். ராசா காதை ஆட்டிவிட்டு எழுந்து போனார். பெருச்சாளிகள் நகத்தைத் துடைத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டன.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

ஆமைக்கு இரை இறங்கவில்லை. மாலை முள்ளாகக் குத்தியது. கழற்றி எறிந்தார், அப்போதும் குத்தியது. தூரத்தில் ஆட்காட்டி கத்துவது மழைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை. 'போய் நடந்துவிடலாம், தடம் பதித்துவிட்டால் பெருச்சாளி இறங்கிவிடும்' என்று கிளம்பினார். ஆனால் ஆமை நடைதானே! ஓட நினைத்தார், கால் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவசரப்படாத காலுக்கு அன்றைக்கு மட்டும் அவசரம் எங்கிருந்து வரும்?

அவர் வேப்பமர வரிசைக்கு வந்து சேர்ந்தபோது விடிந்து, மழை விட்டு வானம் வெறித்திருந்தது. பொட்டல் முழுக்கச் செந்தண்ணீர். நாலு முட்டையும் இல்லை, கூழாங்கல்லும் இல்லை. வீட்டுக்காரக் குருவி தண்ணீருக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. செங்கண்ணி ஒரு மரத்தடியில், இறகெல்லாம் ஒட்டிப்போய் நின்றிருந்தாள்.

"தாயி, வந்துட்டேன்" என்றார் ஆமை.

அவள் சண்டை போடவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் முகத்துக்கு நேரே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இப்பச் சொல்லுங்கய்யா. இங்க யாராச்சும் குடியிருந்தாங்களா?"

ஆமை வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார், பார்க்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து நின்று பொய் சொன்ன தலைக்கு, ஒற்றைக் குருவியின் முன்னால் நிற்க முடியவில்லை. எங்கே கொண்டுபோய் ஒளித்துக்கொள்வேன் என்று தவித்தது. கழுத்து தானாகச் சுருங்கிற்று. தலை பின்னால் போயிற்று, இன்னும் பின்னால் போயிற்று, ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. காலும் அதன்பின்னால் போயிற்று.

பிற்பாடு ராசாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று ஆமை பலமுறை கிளம்பினார். யாராவது எதிரே வந்தாலே தலை உள்ளே போய்விடும். சொல்ல வாய் திறந்தாலோ வெறும் மூச்சுத்தான் வரும். அதனால் அந்தப் பொட்டல் எந்த நாட்டிலும் சேராமலே கிடந்தது. இப்போதும் பொட்டல்பக்கம் போனால் ஆட்காட்டி விடாமல் கத்துகிறது, கேட்டிருப்பீர்கள். நான் இருக்கேன், நான் இங்க இருக்கேன் என்று போகிற வருகிற ஆளுக்கெல்லாம் சொல்கிறது.

ஆமையோ, அன்று தொட்டு இன்றுவரை, எந்தக் காலடி கிட்டே வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.