புகையை எண்ணிய கொக்கு

கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கூடு கட்ட இரண்டு உண்ணிக்கொக்குகள் வந்து இறங்கின. மேய்கிற மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிதான் அவற்றுக்குச் சாப்பாடு. மாடு இல்லாத ஊரில் குஞ்சு வளர்க்க முடியாது.

ஆண்கொக்கு நெடுங்கழுத்தன் உச்சிக்கிளையில் நின்று ஊரைப் பார்த்தது. வீடுவீடாக அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"பொன்மூக்கி! போன வருஷம் இருந்த ஊரில் பத்துப் புகை, நாற்பது மாடு. வீட்டுக்கு நாலு! இங்கே முப்பது புகை. அப்படியென்றால் நூற்றிருபது மாடு! கட்டு கூட்டை!"

"ஒரு மாடுகூட என் கண்ணில் படவில்லையே! ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!"

"கணக்குத் தெரியாதவர்கள்தான் அலைவார்கள்!"

இந்த மேதாவியிடம் யார் பேசுவது? முட்டையிடும் நேரம் வேறு நெருங்கிவிட்டது. பொன்மூக்கி முணுமுணுத்துக்கொண்டே சுள்ளி பொறுக்கியது.

அடைகாத்த நாளெல்லாம் கண்மாய்த் தவளை கைகொடுத்தது. குஞ்சுகள் பொரித்தபோது கண்மாயும் வற்றிவிட்டது. மூன்று குஞ்சும் வாயைப் பிளந்து கத்தின. கடைசிக் குஞ்சுக்குக் கத்தவும் தெம்பில்லை.

"எங்கே உங்கள் நூற்றிருபது மாடு?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்கும். நாளைக்கு வரும்!"

மறுநாள் வந்தது ஒரு கிழட்டு எருதுதான்.

"மற்ற மாடெல்லாம் எங்கே அண்ணே?" என்றது பொன்மூக்கி.

"மற்ற மாடா? ஊரிலேயே நான் ஒருத்தன்தான்! இங்கே ஒவ்வொரு வீட்டிலும் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியாக அடுப்பு மூட்டினார்கள். மாட்டை எப்படிப் பிரிப்பது? விற்றுவிட்டார்கள். என்னை வாங்கத்தான் ஆளில்லை!"

நெடுங்கழுத்தன் துள்ளிக் குதித்தது. "அப்படியானால் கணக்கு தலைகீழ்! புகை குறைந்தால் மாடு கூடும்! அதோ, தூரத்தில் ஒரே ஒரு புகை!"

சொல்லச் சொல்லக் கேட்காமல் பறந்து போனது. உடம்பெல்லாம் கரியோடு திரும்பி வந்தது. அது செங்கல் சூளை!

"பிள்ளை சாகக் கிடக்கிறது, உங்களுக்குக் கணக்கு கேட்கிறதா? பேசாமல் கூட்டில் உட்காருங்கள்!" என்று கத்திவிட்டுப் பொன்மூக்கி கிளம்பியது.

அது வானத்தைப் பார்க்கவில்லை. பாதை நெடுகக் குவியல் குவியலாகக் கிடந்த ஈரச் சாணத்தைப் பார்த்துக்கொண்டே தாழப் பறந்தது. ஊருக்கு அப்பால், அறுத்த வயலில், எருவுக்காக யாரோ வெளியூர்க்காரர்கள் மாட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மாடு! வீடு ஒன்றுகூட இல்லை.

அன்று கடைசிக் குஞ்சின் வாயில்தான் முதல் வெட்டுக்கிளி விழுந்தது. அது விழுங்கிவிட்டுக் கத்தியது. பொன்மூக்கிக்கு உயிர் வந்தது.

மறுநாள் நெடுங்கழுத்தனும் கிடைக்கு வந்தது. கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது.

"அதிசயம்! புகையே இல்லை, மாடு இருநூறு! அப்படியென்றால்..."

பொன்மூக்கி ஒரு வெட்டுக்கிளியை அதன் வாயில் திணித்தது.

"வாயைத் திறக்காமல் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடுங்கள்!"

கண்ணால் பார்க்க வேண்டியதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ள நினைப்பவன், தன் பிள்ளையைத்தான் பட்டினி போடுவான்.