செம்பாசிக்குப் பூசிய பாலிஷ்

அரியநாயகம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டி ஜெஸிந்தா. வயதில் ரொம்பச் சின்னவர். குரு என்றால் குருதான், அதில் வயசு என்ன!

விந்திய மலையிலிருந்து அரியநாயகம் கொண்டுவந்த சுண்ணாம்புக் கல்லில் மயிரிழைபோலச் செம்பாசி. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அறை அறையாகத் தெரியும். நூற்றறுபது கோடி வருஷத்துக்கு முந்தியது, உயிரணுக்கள் சேர்ந்து குடித்தனம் பண்ணத் தொடங்கிய காலத்தது என்று ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு பழசாக இருக்காது, கல்லின் விரிசலில் பிற்பாடு புகுந்த புதுப் பாசி என்றார்கள்.

மனுஷன் நொந்துபோனார்.

"இவங்களை எப்படித்தான் நம்பவைக்கிறது மேடம்?"

ஜெஸிந்தா கண்ணாடிக் கிண்ணத்தில் வினிகரை ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

"உங்க நல்ல கல்துண்டை இதுல போடுங்க சார்."

"ஐயய்யோ! உருப்படியா இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"கல்லோட கல்லா ஆன பாசின்னா, சுண்ணாம்பு நுரைச்சுக் கரையும், பாசி நிக்கும். பிற்பாடு வந்து ஒட்டினதுன்னா கழுவிக்கிட்டுப் போயிடும்."

"போயிடுச்சுன்னா? பட்ட பாடெல்லாம் வீணாச்சே!"

"வேற கல்லை உடைப்போம்."

மறுநாள் காலையில் அரியநாயகம் ஒரு முடிவோடு வந்தார். துண்டைக் கிண்ணத்தில் போட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழ்கூட வரவில்லை.

"பாத்தீங்களா மேடம்! அசையவே இல்ல!"

ஜெஸிந்தா துண்டை வெளியே எடுத்து, விளக்கில் திருப்பினார். பளபளவென்றிருந்தது. நகத்தால் சுரண்டினார். மெல்லிய தோலாக உரிந்து வந்தது.

"என்ன சார் இது?"

அரியநாயகத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"பொண்ணோட நெயில் பாலிஷ். கலர் இல்லாதது. ரெண்டு கோட் அடிச்சேன். மனசு கேக்கல மேடம்."

ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு துண்டை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க சொல்றது நிஜம்னா, நூத்தறுபது கோடி வருஷம் தாங்கின பாசி இது. அத்தனை நாளும் இதுக்கு யார் சார் பாலிஷ் அடிச்சாங்க?"

அரியநாயகம் பஞ்சை அசிட்டோனில் நனைத்து, பளபளப்பு அடியோடு போகும்வரை துடைத்தார். துண்டைத் திரும்பப் போட்டார்.

நுரை தட்டியது. சுண்ணாம்பு கரையத் தொடங்கியது. ஆனாலும் அவர் கிண்ணத்தைத் தொடவில்லை.