கை படாத இலை

முதலில் பண்ணைக்காரர்கள் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார்கள். அடுத்து, ஒரு லெட்யூஸ் கீரைச் செடி நின்ற இடத்தில் மூன்றை நட்டார்கள். மூன்றாவதாக, பாலிஹவுஸ் என்னும் பிளாஸ்டிக் கொட்டகையின் பக்கத்திரைகளை இறக்கிக் கட்டிப் புழுங்க வைத்தார்கள். கடைசியில், மலையிறங்கிப் போன கீரையில் துருப்புள்ளிகள் விழுந்தபோது, பெட்டியில் அடுக்கிய ஜெபக்கனியின் கை முரட்டுக் கை என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். குற்றம் என்று வந்தால் மேலே யாருக்கும் கை இருப்பதில்லை.

அந்தப் பண்ணையின் பாத்தி மேஸ்திரி போஜன் தொழிலாளர் சங்கத்துக்கு வந்தார். ஞாயிறுதோறும் அங்கே சங்கத் தலைவி விசாலத்திடம் பாடம் கேட்பவர்.

"தோழர், பன்னிரண்டு நாள்ல ஜெபக்கனி வேலை பத்தி விசாரணை. புள்ளிக்குக் காரணம் கை இல்லைன்னு எப்படிக் காட்டுறது?"

விசாலம் தன் தோட்டத்தில் இடம்விட்டு நின்ற, நன்றாக நீர் குடித்த செடியில் இரண்டு இலைகளை அறுத்தார். ஒன்றைத் தனியே டப்பாவில் மூடினார். மற்றதை, போஜன் பண்ணையிலிருந்து கொண்டுவந்த செடியோடு சேர்த்து மூடினார். இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்தார்.

பத்தாம் நாள் திறந்தார்கள். தனியே இருந்த இலை அப்படியே இருந்தது. மற்றதன் நடுநரம்பெல்லாம் துருப்புள்ளி.

"இதை யார் கை அடுக்குச்சு?" என்றார் விசாலம்.

"யாரும் தொடலை. அப்ப எது?"

"எத்திலீன்னு ஒரு வாயு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தாகத்துல, நெரிசல்ல, சூட்டுல தவிக்கிற செடி அதை அதிகமா விடும். பக்கத்து இலையையும் கெடுக்கும்."

போஜன் சிரித்தார். "செடிக்குச் சங்கம் இல்லையே, பாவம். மேனேஜர் பேரைப் பெருசா எழுதுங்க தோழர்."

விசாலம் புகாரை எழுதினார். அந்தச் சங்கத்தில் புகாரைக் கொண்டுவந்தவரே சாட்சிகள் முன் அதை வாசிக்க வேண்டும். அடுக்கும் பெண்கள் ஏழு பேர் வந்து நின்றார்கள். ஜெபக்கனியும் வந்தாள்.

போஜன் மேனேஜர் பெயரை முழங்கினார். அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

"தோழர், தண்ணியைக் குறைச்சது, நெருக்கி நட்டது எல்லாம் மேலிடத்து உத்தரவு. மாட்டேன்னு சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்."

"போயிருக்கும். அவ வேலை போயிடுச்சு."

"இதை வாசிச்சா நாளைக்கு என்னைப் பண்ணை கேட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"வாசிக்கலைன்னா அவளை விடமாட்டாங்க. அப்படி உத்தரவே போடலைன்னு மேனேஜர் சொல்வாரு. செஞ்ச ஆள் வந்து சொன்னாத்தான் போட்ட ஆள் மாட்டுவாரு."

"சத்தமா வாசிங்கண்ணே," என்றாள் ஜெபக்கனி. "பெட்டி கட்டுற மெஷின் பக்கத்துல நின்னு நின்னு எங்களுக்குக் காது மந்தம்."

போஜன் காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"உத்தரவை நிறைவேற்றியவர், நஞ்சன் மகன் போஜன்."