குகை நிறையக் குடுவைகள்

மூங்கில் காட்டில் கோரையன் என்ற காட்டுப்பன்றி வாழ்ந்தது. கொழுத்த உடம்பு, அதைவிடக் கொழுத்த வாய்!

அந்தக் காட்டுக்குக் கரடிதான் வைத்தியர். வருகிற மிருகங்களிடம் கொஞ்சம் ரத்தம் எடுப்பார். சிவப்பு அடியில் தங்கியதும், அதை அவற்றின் உடம்பிலேயே திருப்பி ஏற்றிவிடுவார். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் சுரைக்குடுவையில் ஊற்றிக் குளிர்ந்த குகைக்குள் வைப்பார். தீயில் வெந்தவர்களைப் பிழைக்க வைப்பது அதுதான்.

"நீயும் வாயேன், கோரையா! கொடுத்த நீர் சீக்கிரமே ஊறிடும்" என்று அழைத்தது முள்ளம்பன்றி.

கோரையன் குகைக்குள் எட்டிப் பார்த்தது. சுவரோரம் வரிசையாகக் குடுவைகள்.

"அடேயப்பா! குகை நிறைய இருக்கே! நான் வேற கொடுக்கணுமா?" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் புரளப் போனது.

கோடையில் மூங்கில்கள் உரசித் தீப்பிடித்தன. கோரையனின் கடைக்குட்டி கங்குக்குள் விழுந்து வெந்துபோனது. பாவம், முனகக்கூட அதற்குத் தெம்பில்லை. கோரையன் அதைத் தூக்கிக்கொண்டு குகைக்கு ஓடியது.

வைத்தியர் ஒரு குடுவை நீரைக் குட்டியின் உடம்பில் ஏற்றினார். பிறகு இன்னொன்று. கடைசியில் வரிசை முழுவதும் காலி! குட்டி கண் திறக்கவில்லை.

"இவ்வளவும் ஒரே குட்டிக்கா?" என்று கேட்டது கோரையன்.

"ஆமாம். பலர் கொடுத்தால்தான் ஒருவர் பிழைப்பார். இன்னும் வேணும்!"

"என்கிட்ட எடுங்க, வைத்தியரே!"

"எடுக்கிறேன். உன்னுடையது மட்டும் போதாதே!"

கொடுத்த கையோடு கோரையன் ஓடையை நோக்கி ஓடியது. அங்கே காட்டெருமைகள் படுத்திருந்தன.

"என் குட்டிக்கு மஞ்சள் நீர் வேணும். வாங்கண்ணே!"

"குகை நிறைய இருக்கேப்பா!" என்றது கிழட்டு எருமை, அசைபோட்டபடியே.

கோரையனுக்குச் சுருக்கென்றது. திட்ட வாயெடுத்தது. திட்டினால் தன்னையும் சேர்த்தல்லவா திட்ட வேண்டும்!

"இருந்துச்சுண்ணே. எல்லாம் என் குட்டிக்கே தீர்ந்துபோச்சு. நானும் இதையே சொல்லிட்டுத்தான் திரிஞ்சேன்" என்று அழுதது.

எருமைகள் எழுந்து நடந்தன. அவற்றைப் பார்த்து மான்களும் வந்தன. பொழுது சாய்வதற்குள் குட்டி கண் திறந்து, "பசிக்குது!" என்று கத்தியது.

மழைக்காலம் வந்தது. குட்டி துள்ளி விளையாடியது. கோரையன் மறுபடியும் குகை வாசலில் வந்து நின்றது.

"உன் குட்டிதான் தேறிடுச்சே! எதுக்கு வந்தே?" என்று கேட்டார் வைத்தியர்.

"அடுத்தது யார் குட்டியோ, வைத்தியரே! அதோட அப்பன் என்னை மாதிரி ஓட வேண்டாம்."

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது. உயிர் காக்கும் கொடையை, தேவை வரும் முன்பே கொடுத்து வைக்க வேண்டும்.