கல்யாணப் பாட்டு அழுத கதை

வடபழனி நாகலிங்கம் பெரிய இசையமைப்பாளர். "சந்தோஷம் என் சுரத்துக்குள்ளேயே ஊறிக் கிடக்கு" என்று பீற்றிக்கொள்வார். மெட்டில் யாராவது கை வைத்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஒருநாள் டைரக்டர் ஒருவர், தன் படத்துக்கு நாகலிங்கம் போட்ட கல்யாணப் பாட்டையே சாவுக் காட்சிக்கும் கேட்டார். அதைப் பாடிய பாடகியோ வெளிநாடு போய்விட்டாள்; பதிவான குரல்தான் கையில் இருந்தது. நாகலிங்கம், கீபோர்டு வாசிக்கும் கிளாடிஸைக் கூப்பிட்டார்.

"குரல் அப்படியே இருக்கணும். மெட்டுல ஒரு சுரம் மாறினாலும் நாளைக்கு நீ வர வேண்டாம். ஆனா கேக்கிறவன் அழணும்!"

"சரி சார்" என்றாள் கிளாடிஸ். குரலை அவள் தொடவே இல்லை. அதன் அடியில் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்த ஆதார சுரமான 'ஸா'வை மட்டும் எடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த 'தா'வை அழுத்திப் பிடித்தாள்.

அதே குரல், அதே மெட்டு. சற்றுமுன் சிரித்த பாட்டு இப்போது தேம்பியது. டைரக்டர் கண்ணைத் துடைத்தார். நாகலிங்கமே மூக்கை உறிஞ்சினார்.

"என் மெட்டைத் தொட்டியா?" என்று எகிறினார்.

"நான் தொடுவேனா சார்? உங்க மெட்டு நின்ன இடத்துலயே நிக்குது. அது காலுக்குக் கீழே இருந்த தரையைத்தான் கொஞ்சம் இறக்கினேன்."

நாகலிங்கம் பாட்டை மறுபடி ஓடவிட்டு, கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். தானே 'ஸா'வை அழுத்தினார், பாட்டு சிரித்தது. 'தா'வை அழுத்தினார், அழுதது. டைரக்டர் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல், வாயைப் பிளந்தபடி மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தார்.