ஒரு ஜோடி கப்பி

"ஒரு ஜோடி கப்பி மீன் வேணும்" என்றார் சுப்புராயன்.

"ஜோடியா குடுக்கறதில்ல சார்" என்றாள் ரெஜினா.

சுப்புராயனுக்குப் புரியவில்லை. செருப்பு, தோடு, புறா, மீன், எதுவானாலும் ஜோடி என்ன விலை என்று கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ஊரில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

உறையூரில் வீட்டின் முன்னறையையே மீன் கடையாக்கி வைத்திருப்பவள் ரெஜினா. ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். அது அலுத்துப்போய் இதற்கு வந்தாள். வாங்க வருகிறவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்பாள். பதில் பிடிக்காவிட்டால் மீன் தர மாட்டாள். தெருவில் அவளுக்கு மீன் சாமியார் என்று பெயர்.

தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டாள். டிவி பக்கத்தில் வைக்கிற அளவு என்று கையை விரித்துக் காட்டினார். யாருக்கு என்றாள். மனைவிக்கு என்றார். எதற்கு என்றாள்.

அதைச் சொல்ல அவர் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். அறுபதாம் கல்யாணமும் ஆயிற்று. இனி எல்லா நேரமும் கோமளவல்லிக்குத்தான் என்று முடிவு செய்திருக்கிறார். அவளோ தஞ்சாவூருக்கு அக்கா வீட்டுக்குப் போகப்போகிறேன் என்கிறாள். எப்போது திரும்பி வருவாய் என்றால் பார்க்கலாம் என்கிறாள். அந்தப் பார்க்கலாம்தான் அவரைத் தூங்க விடவில்லை.

"நான் ஒரு குறையும் வைக்கலம்மா. கூடவே இருக்கேன். அவ காய் நறுக்கினா நான் பூண்டு உரிக்கிறேன். துணி காயப்போட மாடிக்குப் போனா நான் வாளியத் தூக்கிட்டுப் போறேன். கொஞ்ச நேரம் கண்ணுல படலேன்னாக்கூட, என்ன பண்றேன்னு ஒரு குரல் குடுத்துருவேன்."

ரெஜினா கப்பித் தொட்டியின் விளக்கைப் போட்டாள்.

"குட்டி போடுற மீன்ல சின்னத் தொட்டிக்குக் கப்பிதான் சரி. ஆனா ஆண் வேணும்னா ஒண்ணுக்கு மூணு பொண்ணாவது எடுத்துக்கங்க. இல்லேன்னா பொண்ணு மட்டும் கொண்டு போங்க."

சுப்புராயன் திரும்பிப் பார்த்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.

"ஒருத்தனுக்கு மூணு பேரா? பொண்டாட்டிக்குக் குடுக்கற பரிசும்மா இது."

"மீனுக்குக் கல்யாணம் கிடையாது சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் மூன்று என்று அவள் சொல்ல ஆரம்பித்ததைக்கூடக் கேட்காமல் படியிறங்கினார். அடுத்த தெருக் கடையில் கேட்ட மாத்திரத்தில் ஜோடி கிடைத்தது.

*

ஆணின் வால் ஆரஞ்சு நிறம், விசிறி போல. பெண் வெறும் சாம்பல் நிறம். வயிறு பெருத்திருந்தது.

ஆண் அதன் பின்னாலேயே போயிற்று. மேலே போனால் மேலே. கீழே போனால் கீழே. நின்றால் முன்னால் வந்து வாலை விரித்துக் காட்டிற்று.

"பாத்தியா கோமளா, ஒரு நிமிஷம் விட்டுப் பிரியல."

கோமளவல்லி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

காற்றில்தான் சாத்திக்கொண்டது என்று சுப்புராயன் நினைத்தார். திறந்து, மறுபடியும் சாத்திக்கொள்ளாதபடி ஒரு தேங்காயை அண்டக் கொடுத்தார். "என்ன பண்ற?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

பெண் மீன் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தது. ஜோடி பிரிந்துவிட்டதே என்று அவர் ஃபில்டரைக் கண்ணாடியோடு ஒட்டித் தள்ளி இடுக்கை அடைத்தார். தொட்டியில் இருந்த ஒரே பிளாஸ்டிக் செடியையும் பிடுங்கி எடுத்தார். இரண்டும் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். அவர் மனதில் கள்ளமில்லை.

பெண் மீன் தீனிக்கு வராமல் போயிற்று. ஒரு நாள் காலையில் தொட்டியின் அடியில் படுத்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

அன்றைக்குத்தான் கோமளவல்லி பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் தஞ்சாவூர் போகிறாளாம். எப்ப வருவ என்று கேட்டார். பாக்கலாம் என்றாள்.

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மீனுக்காகவா, அவளுக்காகவா என்று பிரிக்க முடியாத பயம். இரண்டு மீனையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் அள்ளிக்கொண்டு ரெஜினாவிடம் ஓடினார்.

*

"என்ன நோய்னு பாரும்மா."

ரெஜினா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதற்குள்ளும் ஆண் துரத்திக்கொண்டுதான் இருந்தது.

"வீட்ல இந்த ஆண் என்ன பண்ணுச்சு சார்?"

"ரொம்பப் பாசமா இருந்துச்சும்மா. அதை விட்டு அந்தண்ட இந்தண்ட போகல."

அவள் ஆணை வலையில் எடுத்து, ஆண் கப்பிகள் மட்டும் இருந்த தொட்டியில் விட்டாள். அது அங்கே போயும் வாலை விரித்தது. மற்றவையும் விரித்தன.

"நாலு ஆம்பளைங்களோட இருந்தா அதுக்கும் பொழுது போகும்" என்றாள்.

பெண்ணை மேசைமேல் இருந்த சிறிய தொட்டியில் விட்டாள். அதில் தண்ணீரைவிட வேலம்பாசிதான் அதிகம். மீன் பச்சைக்குள் நுழைந்தது. காணோம்.

சுப்புராயன் தொட்டிக் கண்ணாடியில் மூக்குப் படுமளவு குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். விரலால் தட்டினார்.

"தேடாதீங்க சார்."

"உயிரோட இருக்கான்னு தெரிய வேணாமா?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். ரெஜினா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தார். ஆபீசில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. இங்கே முடியவில்லை.

ரெஜினா ஒரு தொட்டியைக் கழுவினாள். யாரோ மீன் வாங்க வந்தார்கள். அவர்களைக் கேள்வி கேட்டு வெறுங்கையோடு அனுப்பினாள்.

நேரம் போயிற்று. சுப்புராயன் தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒருவர் சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு படாதபாடு பட்டார். அதைப் பார்த்ததில் மீனை மறந்தே போனார்.

திரும்பியபோது அது வெளியே இருந்தது.

பாசியின் ஓரமாக நின்று தீனியைக் கொத்தியது. துடுப்புகள் விரிந்திருந்தன. அவசரமே இல்லாமல் தொட்டியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

இந்த முறை சுப்புராயன் கண்ணாடியைத் தட்டவில்லை.

"இவ்ளோ நேரம் உள்ள என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"அது நமக்கு எதுக்கு சார்?" என்றாள் ரெஜினா.



கிளம்பும்போது ரெஜினா அந்த மீனோடு இன்னும் இரண்டு பெண் கப்பிகளைப் பையில் போட்டாள். ஒரு கத்தை வேலம்பாசியும் கொடுத்தாள். வயிற்றில் குட்டி இருக்கிறது, பாசி இருந்தால் அதுகளும் பிழைக்கும் என்றாள். ஜோடி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

*

வீட்டில் கோமளவல்லியைக் காணோம். கூடத்தில் பை கட்டி வைத்திருந்தது. மாடிப்படியின் கீழே அவள் செருப்பு கிடந்தது.

சுப்புராயன் தொட்டியில் பாசியைப் போட்டு மீன்களை விட்டார். மூன்றும் உள்ளே போய் மறைந்தன. அடுப்படிக் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த தேங்காயை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

மாடிப்படிக்கு வந்து நின்றார். "என்ன" என்பது வரை வாயில் வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு திரும்பிப் போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

கஷ்டமாகத்தான் இருந்தது.

விளக்கு போடுகிற நேரத்தில் கோமளவல்லி இறங்கி வந்தாள். கையில் துணியும் இல்லை, வாளியும் இல்லை. எதற்குப் போயிருந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

அவள் தொட்டியைப் பார்த்தாள்.

"மீன் எங்க?"

"பாசிக்குள்ள இருக்கு."

"ஒண்ணையும் காணோமே."

"வரும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலைல மொத பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள்.

"சரி."

வழக்கமாக வருகிற அடுத்த கேள்விக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

பாசி லேசாக அசைந்தது. மீன் எதுவும் வெளியே வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்துடறேன்" என்றாள் கோமளவல்லி.