வாய்க்கால் முக்கில் இரண்டு காலைகள்

ஓர் ஊர் நகரமாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் மக்கள்தொகைக் கணக்கைப் புரட்ட வேண்டாம். வேலைக்குப் போகிற நேரத்தில் அதன் பெரிய முக்கில் போய் நின்றால் போதும். வெள்ளியம்பதிக்கு வாய்க்கால் முக்கு. வடக்கே வயலெல்லாம் மனைகளாகி, மனையெல்லாம் வீடுகளாகிக்கொண்டிருந்தன. மணல் லாரி, செங்கல் டிராக்டர், கொத்தனார்களையும் சித்தாள்களையும் அடைத்துக்கொண்டு வரும் ஷேர் ஆட்டோ, எல்லாம் அங்கே திரும்பித்தான் வடக்கே போயாக வேண்டும். திருப்பத்திலேயே பேருந்து நிறுத்தமும் இருந்தது. ஒரு பேருந்து நின்றால் பின்னால் ஊரே நிற்கும்.

அந்தத் திருப்பத்தில்தான் கலாமணியின் இட்லி மாவுக் கடை. முன்பக்கம் கிரைண்டர், பின்பக்கம் குடித்தனம். கணவர் போன பிறகு இரண்டு பெண்களையும் கரையேற்றியது அந்தக் கிரைண்டர்தான். மாநகராட்சி இப்போது முழுமைத் திட்டம் என்று ஒன்றைத் தயாரித்திருந்தது. அதில் அவள் கடை வரிசை முழுவதும் சாலையாகியிருந்தது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டத்தை வரைந்தவர் பொறியாளர் தனசேகர். ரோடு அகலமானால்தான் நெரிசல் தீரும் என்பது அவர் கட்சி. போக்குவரத்து ஆய்வாளர் ஆரோக்கியராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "பஸ் ஸ்டாப்பைத் திருப்பத்துல இருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் வெச்சாப் போதும் மேடம். ஒரு செங்கல்லைக்கூட இடிக்க வேண்டாம்" என்றார்.

ஆணையர் பிரமிளா ஊருக்குப் புதிது. வாய்ச்சண்டையில் நம்பிக்கை இல்லாதவர். ஆளுக்கு ஒரு நாள் தருகிறேன், செய்து காட்டுங்கள் என்றுவிட்டார். ஆய்வாளர் எந்த நாளானாலும் சரி என்றார். தனசேகர் மட்டும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "எனக்கு வியாழக்கிழமை குடுங்க மேடம். நல்ல நாளுங்க" என்றார்.

புதன்கிழமை ஆய்வாளரின் முறை. நிறுத்தம் இடம் மாறியது. முக்கில் கூட்டம் குறையவில்லை, ஆனால் நகர்ந்தது. எதிரே எழும்பிக்கொண்டிருந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு வந்த மணல் லாரி கொஞ்சம் தகராறு செய்தது. ஆய்வாளர் தொண்டை வறள விசில் ஊதி அதையும் அனுப்பிவைத்தார். "பரவாயில்லை" என்றார் ஆணையர். கலாமணிக்கு அந்தப் பரவாயில்லை போதவில்லை.

வியாழக்கிழமை நிறுத்தம் பழையபடி திருப்பத்துக்கே வந்தது. கடைகளை அடைக்கச் சொல்லி, தகரப் பந்தல்களைக் கழற்றி, நிறுத்தியிருந்த வண்டிகளை அப்புறப்படுத்தி, சாலையை அகலமாக்கிக் காட்டினார் தனசேகர். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் வாசலில் ஒரு பூசணிக்காயைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினார். யாராவது வழுக்கி விழப்போகிறார்கள் என்று கலாமணி அதைக் கூட்டி ஒதுக்கினாள். பிறகு வேலையில்லாமல் எதிர்க் கட்டடத்து நிழலில் போய் உட்கார்ந்தாள். சாரத்தில் ஆளில்லை. கலவை மிஷின் சத்தமில்லாமல் கிடந்தது.

வண்டிகள் பறந்தன. ஒவ்வொன்றும் தன் வீட்டின் மேல் ஏறிப் போவதுபோல இருந்தது அவளுக்கு. தனசேகர் முகத்திலோ கல்யாண மாப்பிள்ளைக் களை.

மதியம் ஆணையர் காரிலேயே டிபன் கேரியரைத் திறந்தார். "என்ன இது, சாம்பார்ல வெங்காயமே இல்ல?"

"சமையக்கார அம்மா இன்னைக்கு விரதமுங்க மேடம்" என்றார் ஓட்டுநர்.

மாலையில் முக்குக்கே கோப்பு வந்தது. "நேத்து ஊர்ந்துச்சு, இன்னைக்குப் பறந்துச்சு. நீங்களே பாத்தீங்க மேடம்" என்றார் தனசேகர். கலாமணி கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை. "பொழப்பே இதுதானுங்க அம்மா" என்றாள்.

ஆணையர் பேனாவைத் திறந்தார். எதிர்க் கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிவிட்டார்.

இதுவரை கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். இரண்டு நாளும் நேரில் நின்று பார்த்தவர் ஆணையர். வண்டிகள் பறந்ததைக் கண்ட பிறகும் அவர் பேனாவை மூடியது சரியா? சரி என்றால், எதைக் கண்டு மூடினார்?

விடை: சரிதான். அவர் கண்டது எதிர்க் கட்டடத்தின் ஆளில்லாத சாரத்தை. வியாழக்கிழமை அமாவாசை. பூசணிக்காய் உடைந்ததும், சாம்பாரில் வெங்காயம் விழாததும் அதனால்தான். தனசேகர் வீட்டில் கேட்டுச் சொன்ன நல்ல நாளும் அதுவேதான். அமாவாசையன்று அந்த ஊரில் எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொடமாட்டார். கொத்தனார் வராத நாளில் சித்தாளுக்கும் மணல் லாரிக்கும் செங்கல் டிராக்டருக்கும் அங்கே என்ன வேலை? நெரிசலே அன்று லீவு. நாள் பார்த்த தனசேகர் ஆள் பார்க்கவில்லை. கலாமணிக்கும் அது என்ன நாள் என்று தெரியும். பயந்து கிடக்கிறவருக்குத் தெரிந்தது எங்கே நினைவுக்கு வருகிறது? "இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க தனசேகர். இந்தத் தடவை நாள் நான் பாக்கறேன்" என்று ஆணையர் அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாளைக் கொடுத்தார். அன்று பேருந்து திருப்பத்தில் நிற்க, அகலமான சாலையில் நெரிசலும் அகலமாக நின்றது. கையெழுத்து ஆய்வாளர் பக்கம் விழுந்தது. அப்பாடா என்று கலாமணி தகரப் பந்தலை மறுபடி மாட்டிக் கிரைண்டரைப் போட்டாள். அடுத்த அமாவாசைக்கு அவள் கடை வாசலிலும் ஒரு பூசணிக்காய் உடைந்தது. உடைத்த கையோடு கூட்டி ஒதுக்கியதும் அவள்தான்.